வளையல் அடகில், மகள் பல்கலைக்கழகத்தில்

நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளின் செலவுக் கணக்கு எங்கே இடிக்கிறது?

ரந்தாவ் பக்கம் ஒரு தோட்ட வீடு. முன்கூடத்தில் விரித்த பாயின்மேல் புது வாளி. வாளிக்குள் ஹேங்கர்கள், மேகி பாக்கெட்டுகள், துணி சோப்பு. பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் போத்தல் நிறைய நெத்திலி சம்பல். மூடியைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிளாஸ்டிக் கட்டியிருக்கிறது. விலைச்சீட்டு இன்னும் கிழிக்காத படுக்கை விரிப்பு. நாளை மறுநாள் பாங்கியில் பல்கலைக்கழகப் பதிவு. அப்பா கைப்பேசியில் வந்த கட்டணப் பட்டியலை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பதிவுக் கட்டணம், முதல் தவணைப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் என்று வரிசையாக நிற்கிறது.

அம்மா குளியலறைக்குள் போய்க் கையில் சோப்புத் தடவி வளையலைக் கழற்றிக்கொண்டு வருகிறார். இருபது வருஷமாகக் கழற்றாத வளையல். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தடம்.

"சிரம்பான்ல வச்சிட்டு வந்துடுவோம். தீபாவளிக்குள்ள மீட்டுடலாம்."

"பிடிபிடிஎன் வந்ததும் நானே மீட்டுத் தரேம்மா."

செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், லாபு, ஜெராம் பாடாங் என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பாசத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் மகள் சொன்ன அந்த ஒரு வரியில்தான் அடுத்த மூன்று, நான்கு வருஷத்துப் பணக் கஷ்டம் முழுவதும் ஒளிந்திருக்கிறது. கல்விக் கடன் தீபாவளிக்குள் வருமா என்பது நிச்சயமில்லை. வந்தாலும் அது அவளுடைய சாப்பாட்டுப் பணம். வளையலை மீட்டுவிட்டால் டிசம்பரில் அவள் எதைச் சாப்பிடுவாள்?

பல்கலைக்கழக மாணவர் சிக்கனமாக இருப்பது எப்படி என்று அறிவுரை சொல்லும் பட்டறைகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. காப்பிக் கடைக்குப் போகாதே, புது கைப்பேசி வாங்காதே என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த அறிவுரையே பொருந்தாது. அவனுக்குச் சிக்கனம் பிறந்த வீட்டிலேயே பழக்கம். அவனை வீழ்த்துவது பணம் வரும் நேரமும் வரும் விதமும்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் போடும் பட்ஜெட் எதுவும் நிற்காது.

மாதச் சம்பள வீடு, தவணைப் பணப் படிப்பு

தோட்டக் குடும்பம் மாதச் சம்பளத்தைச் சுற்றி ஓடும். மாதக் கடைசியில் கை காய்ந்தால் மளிகைக் கடையில் 555 நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கடைக்காரர் எழுதிக்கொள்வார், சம்பள நாளில் கணக்கு தீரும். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 ரிங்கிட்டாக இருந்தது. 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. இதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போனால், வீட்டுக்கு வருவது 1,500ஐ ஒட்டிய தொகை. அதை வைத்துக்கொண்டு அரிசி, மின்கட்டணம், மோட்டார் தவணை, தம்பி தங்கை பள்ளிச் செலவு எல்லாவற்றையும் நகர்த்துகிற தாய்மாருக்கு யாரும் வரவு செலவுப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பிடிபிடிஎன் கடன் வேறு மாதிரி வருகிறது. 1997இல் அமைந்த இந்தத் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கடனைத் தவணைக்கு ஒருமுறை மொத்தமாகத் தருகிறது. அதிலும் முதலாண்டு மாணவருக்கு ஒப்பந்தம், பத்திரம், வங்கிக் கணக்கு என்று நடைமுறைகள் முடிந்து பணம் கைக்கு வரப் பல வாரம் பிடிக்கும். பதிவு நாளிலேயே கட்டணம் கேட்கிறார்கள். முதல் நாளிலிருந்தே பசிக்கிறது. பணமோ பிறகு வருகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் வளையல் சிரம்பானுக்குப் போகிறது.

பணம் ஒருநாள் வரும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் யாரும் ஒரே நேரத்தில் பார்த்திராத தொகை. பார்த்ததும் வசதியாகத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தொகைக்கு முன்னால் ஐந்து மாதம் காத்திருக்கிறது.

▪ பெட்டிச் செய்தி: எந்தக் கடன் எவ்வளவு தின்னும்?

1,500 ரிங்கிட்டுக்கு நகை அடகு: 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி மாதம் 2 விழுக்காடு. மாதம் 30 ரிங்கிட். ஆறு மாதம் கிடந்தால் 180.

அதே 1,500க்கு பிடிபிடிஎன்: ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். ஒரு வருஷத்துக்கு 15 ரிங்கிட்.

பிடிபிடிஎன் முன்பணம்: அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பதிவுக்கு முன்பே 1,500 ரிங்கிட் தரும் திட்டம் இருக்கிறது. பிறகு வரும் கடனிலிருந்து அதைக் கழித்துக்கொள்வார்கள். விண்ணப்பிக்கக் குறிப்பிட்ட நாள்கள்தான் உண்டு. அது தவறினால் வழி அடகுக் கடைதான்.

இந்த முன்பணத் திட்டத்தைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. ரஹ்மா உதவித்தொகை வாங்கும் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் இது அமைந்திருக்கிறது. தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்த வட்டத்துக்குள் வருபவை. இருந்தும் இடம் கிடைத்த மகிழ்ச்சியிலும் பெட்டி கட்டும் பரபரப்பிலும் அந்தச் சில நாள்கள் கடந்துவிடுகின்றன. மலாயில் வரும் ஓர் அறிவிப்பை வீட்டில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஓர் அண்ணனோ அக்காளோ இல்லாத வீடுகளில்தான் இது தவறுகிறது. அதாவது, யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்களிடம்தான் போய்ச் சேருவதில்லை.

தீபாவளியோடு வரும் பணம்

அரசுப் பல்கலைக்கழகங்கள் பல அக்டோபரில் திறக்கின்றன. தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருகிறது. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ கடன் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகும் பிள்ளை, தம்பிக்கு ஒரு சட்டை, பாட்டிக்கு ஒரு சேலை எடுக்காமல் வெறுங்கையோடு வருமா? எடுக்கத்தான் செய்யும். அது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். தீபாவளி விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது பையில் பாதிப் பணம் இருந்தால், ஜனவரியில் தேர்வு நேரத்தில் பிஸ்கட்டும் மைலோவும்தான் இரவுச் சாப்பாடு. முதல் தவணையில் மதிப்பெண் சரியும் பிள்ளைகள் எல்லாரும் படிக்காதவர்கள் அல்லர். பசியோடு தேர்வு எழுதியவர்களும் அவர்களில் உண்டு.

இதற்கு வழி தீபாவளியைக் கைவிடுவதில் இல்லை. கடன் வந்த அன்றே தீபாவளிக்கு என்று ஒரு தொகையைப் பெயர் சொல்லி ஒதுக்கிவிட வேண்டும். 150 ரிங்கிட் என்றால் 150தான். மிச்சப் பணம் கார்டு இல்லாத இன்னொரு சேமிப்புக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து வாரா வாரம் திங்கட்கிழமை ஒரு தொகை மட்டும் அன்றாடக் கணக்குக்கு வரட்டும். வங்கிச் செயலியில் இதைத் தானாக நடக்கும்படி வைத்துவிடலாம். மாதக் கணக்கு மாணவருக்கு நீளம். வாரக் கணக்குதான் கைக்கு அடங்கும்.

▪ பெட்டிச் செய்தி: ஒரு வாரம், நூறு ரிங்கிட்

ஒரு தவணைக்கு விரிவுரை 14 வாரம். இடைவிடுமுறை, மீள்பார்வை வாரம், தேர்வு வாரங்கள் சேர்ந்தால் இன்னும் நீளும். பாதுகாப்புக்கு 20 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமெல்லாம் போகக் கையில் 2,000 ரிங்கிட் நிற்கிறது என்றால் வாரத்துக்கு 100.

சாப்பாடு: 2023இல் பல்கலைக்கழக உணவகங்களுக்கு வந்த சிஸ்வா ரஹ்மா சாப்பாடு ஒன்று 3.50. மதியமும் இரவும் 7 ரிங்கிட்; பசியாற 3. நாளுக்கு 10, வாரத்துக்கு 70.

கைப்பேசி, அச்சுச் செலவு, சோப்பு, சலவை: 15.

மிச்சம் 15. வீட்டுக்குப் போக ரயில், நண்பன் பிறந்தநாள், காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் இதற்குள்தான்.

இது ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் தொகையை 20ஆல் வகுத்துப் பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் முதல் வாரத்திலேயே மாணவர் நலப் பிரிவுக்குப் போய் நிற்க வேண்டும், பத்தாவது வாரத்தில் அல்ல.

மாணவர் நலப் பிரிவு என்றதும் பிள்ளைகள் கூசுகிறார்கள். ஃபூட் பேங்க் சிஸ்வா திட்டத்தில் பல்கலைக்கழகங்களில் உணவுப் பொருள் கிடைக்கிறது. அவசர உதவி நிதியும் பல இடங்களில் உண்டு. வரிசையில் நின்று வாங்கினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் மட்டும் நடுவில் நிற்கிறது. தாத்தாவும் பாட்டியும் இரத்தம் சிந்திப் பால்மரம் வெட்டிய நாடு இது. அதன் அரசுப் பணத்தில் ஒரு மூட்டை அரிசிக்குக் கூசத் தேவையில்லை.

வீட்டுக்குப் போகும் பங்கு

இதை எந்தப் பட்டறையிலும் பேசமாட்டார்கள்: தோட்டத்துப் பிள்ளையின் கல்விக் கடனில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகிறது. மின்கட்டணப் பாக்கி, அப்பாவின் மருத்துவமனைச் செலவு, தம்பியின் எஸ்.பி.எம். டியூஷன், முடியப்போகும் மோட்டார் தவணை. யாரும் கேட்டு வாங்குவதில்லை. "இந்த மாசம் கொஞ்சம் இடிக்குது" என்று அம்மா தொலைபேசியில் சொன்னாலே போதும், மறுநாள் காலையில் பணம் போய்விடும்.

நிதி ஆலோசகர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். குடும்பம் தன்னிடமுள்ள ஒரே நகையை வைத்துப் படிக்க அனுப்பியிருக்கிறது. பிள்ளை திருப்பிக் கொடுக்க நினைப்பது இயல்பு. நான் கேட்பது ஒன்றுதான். அதை மறைவாகச் செய்யாதீர்கள். செலவுத் தாளில் "வீட்டுக்கு" என்று ஒரு வரி எழுதி, அதற்கு ஒரு வரம்பு வையுங்கள். தவணைக்கு 200 என்றால் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். கடனில் எவ்வளவு வந்தது, எவ்வளவு விடுதிக்குப் போனது, வாரத்துக்கு எவ்வளவு மிச்சம் என்பதைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். மகன் கையில் மூவாயிரம் இருக்கிறது என்று நினைத்துக் கேட்ட தாய், வாரத்துக்கு நூறுதான் என்று தெரிந்தால் கேட்கமாட்டார். நெத்திலி சம்பல் இரண்டு போத்தலாக வரும்.

தூரமும் ஒரு செலவு. இந்த விஷயத்தில் நெகிரி செம்பிலான் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். ரெம்பாவ், சிரம்பான், லாபு, நீலாய் என்று ஓடும் கொமுட்டர் ரயில் தடத்திலேயே, பல்கலைக்கழகங்களுக்கு இறங்கவேண்டிய யு.கே.எம். நிலையமும் செர்டாங்கும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, துணி துவைத்து, ஒரு வாரத்துக்குக் குழம்பு கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் யு.பி.யு. மாணவர் சேர்க்கை வழியாகச் சிந்தோக்குக்கோ திரங்கானுவுக்கோ சபா, சரவாக்குக்கோ இடம் கிடைத்தால் கதை வேறு. கடல் தாண்டிப் படிக்கும் மாணவருக்கு 2023இல் ஃப்ளைசிஸ்வா திட்டம் வந்தது. தொடக்கத்தில் 300 ரிங்கிட் விமான டிக்கெட் உதவி கிடைத்தது. விண்ணப்பத்தில் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும்போது பாடத்தோடு பயணச் செலவையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நல்ல பாடம் தூரத்தில்தான் கிடைக்கிறது என்றால் தயங்காமல் போகலாம். ஆனால் வருஷத்துக்கு எத்தனை முறை வீட்டுக்கு வர முடியும் என்பதைப் பதிவுக்கு முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும்.

கார்டைக் கேட்டு வருபவர்கள்

பத்தாவது வாரம். கணக்கில் 40 ரிங்கிட். அப்போது ஒரு குறுஞ்செய்தி வரும்: உன் ஏ.டி.எம். கார்டையும் கணக்கையும் கொஞ்ச நாள் கொடு, காசு தருகிறோம். வேலை எதுவும் செய்ய வேண்டியதில்லை. மோசடிக் கும்பல் திருடிய பணத்தைக் கடத்த இப்படித்தான் மாணவர்களின் கணக்கைத் தேடுகிறது. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கை இப்படி ஒப்படைப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். ஏமாந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வங்கிக் கணக்கு முடங்கும். கல்விக் கடன் வரும் கணக்கும் அதுவாக இருந்தால் படிப்பே நின்றுபோகும். ஏமாந்துவிட்டது தெரிந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 997.

இன்னொரு குழி, இப்போது வாங்கிப் பிறகு கட்டும் கடன். செயலியில் இரண்டு தட்டினால் காலணி வீட்டுக்கு வந்துவிடும். மாதம் 30 ரிங்கிட்தான். இப்படி நான்கு "30 ரிங்கிட்தான்" சேர்ந்தால் ஒரு வாரத்துச் சாப்பாடு போய்விட்டது. 2025இல் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய நுகர்வோர் கடன் சட்டம் இந்தக் கடன்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. சட்டம் வருவது நல்லதே. வாரச் செலவுக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதற்கு முன்பே கண் திறந்திருக்கும். ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரைப் பற்றி நான் எதுவும் எழுதத் தேவையில்லை. தோட்டத்தில் சிவப்புச் சாயம் பூசிய கதவைப் பார்க்காதவர்கள் குறைவு.

பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கியவர்கள்

சேர்த்து வைக்க நமக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால், 1960ஐ நினைவூட்டுங்கள். வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய், தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலம். துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நம்முடைய தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி எடுத்த பணம். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பிறகு இன்னும் பல தோட்டங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நினைவும் நம் வீடுகளில் உண்டு. 1980களின் தொடக்கத்தில் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனம் இந்தியர்களிடம் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் பங்குப் பணம் திரட்டியது. நகையை விற்றுப் போட்டவர்கள் உண்டு; கடன் வாங்கிப் போட்டவர்கள் உண்டு. பணம் பெருகவில்லை. 2010இல் வேறு நிறுவனம் பங்கை வாங்கிக்கொள்ள முன்வந்தபோது ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் விலை. ஏறக்குறைய முப்பது வருஷக் காத்திருப்புக்கு அதுதான் பலன். அதன் விளைவு இன்றுவரை நம்மிடம் இருக்கிறது. "சேமிப்புத் திட்டம்" என்று எந்தத் தாளை நீட்டினாலும் தோட்டத்துப் பெரியவர்கள் ஓர் அடி பின்வாங்குகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சந்தேகத்தாலேயே அரசு பொறுப்பேற்கும் திட்டங்களையும் தள்ளிவிடுகிறோமே, அதுதான் வேதனை.

ஒன்றைச் சொல்கிறேன்: பிடிபிடிஎன் நடத்தும் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பு. 20 ரிங்கிட்டில் கணக்கு திறக்கலாம். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது எப்படியும் இந்தக் கணக்கு வேண்டும். பிள்ளை நான்காம் வகுப்பில் இருக்கும்போதே திறந்துவிட்டால், மாதம் 20 போட்டாலும் எஸ்.பி.எம். முடிக்கும்போது ஆயிரத்தைத் தாண்டிவிடும். மாத வருமானம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத குடும்பத்தின் பிள்ளை உயர்கல்விக்குப் போகும்போது, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அரசு அந்தச் சேமிப்புக்கு ஈடாக அதிகபட்சம் 10,000 ரிங்கிட்வரை மானியம் தருகிறது. மாதம் 1,700 ரிங்கிட் சம்பளம் வாங்குபவருக்கு வேறு எந்தச் சேமிப்பும் இந்த அளவு திருப்பித் தராது.

அப்பாவின் சேமநிதியில் கை வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்காகச் சேமநிதியின் ஒரு பகுதியை எடுக்க விதி இடம் தருகிறது. என் கருத்து: கடைசி வழியாக மட்டும். ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

பட்டமும் வீடும்

தோட்டத்து வீடு வேலைக்காரருக்கு உரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு வயது 60. மூத்த பிள்ளை 23, 24 வயதில் பட்டம் வாங்கும் நேரத்தில், பல வீடுகளில் அப்பா ஓய்வுபெறும் நாளும் நெருங்கிவிடுகிறது. பட்டமளிப்பு அங்கிக்கு வைப்புத்தொகை கட்டும் அதே வருஷத்தில் வீட்டைக் காலி செய்யும் கடிதமும் வரும். பண்டார் ஸ்ரீ செண்டாயான், பண்டார் என்ஸ்டெக் என்று பழைய தோட்ட மண்ணில் புதுப் பட்டணங்கள் எழும்பும் இந்த மாநிலத்தில், ஓய்வு வயது வரும்வரை காத்திருக்கவும் சில குடும்பங்களுக்கு வாய்ப்பில்லை.

அப்போது குடும்பம் யாரைப் பார்க்கும்? புதுப் பட்டதாரியைத்தான். வீட்டுக் கடனுக்கு அவன் பெயர் வேண்டும். அவன் சம்பளச் சீட்டு வேண்டும். அவனுடைய கடன் பதிவும் வேண்டும். பிடிபிடிஎன் பாக்கி வங்கிகள் பார்க்கும் பதிவேட்டில் தெரியும். இருபதாயிரம் ரிங்கிட் கடனைப் பத்து வருஷத்தில் அடைத்தால், ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணத்தோடு மாதத் தவணை 183 ரிங்கிட்டைச் சற்றுத் தாண்டும். முதல் சம்பளக்காரனால் கட்டக்கூடிய தொகைதான். கட்டாமல் விட்டால், அப்பா அம்மாவுக்கு வீடு வாங்கும் நாளில் வங்கி கதவைச் சாத்தும். "பிடிபிடிஎன்தானே, மெதுவாகக் கட்டலாம்" என்று சொல்லும் நண்பனுக்கு ஒருவேளை சொந்த வீடு இருக்கலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

அப்பாவின் சேமநிதியைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளச் சொன்னதும் இதனால்தான். அந்தப் பணம் வீட்டுக்கான முன்பணம். அதுதான் அவர்களுக்கு ஓய்வூதியமும். படிப்புக்கு மலிவான கடன் கிடைக்கிறது. ஓய்வுக்கால வீட்டுக்கு அப்படி எதுவும் எளிதில் கிடைக்காது.

இறுதியாண்டுத் தொழிற்பயிற்சியும் இதோடு சேர்ந்த கண்ணி. பயிற்சிப்படி குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கோலாலம்பூரில் அறை வாடகைக்கு முன்பணம், முதல் மாத வாடகை, போக்குவரத்து எல்லாம் முதல் வாரத்திலேயே கேட்கும். இதற்கு அஞ்சி, நல்ல நிறுவனத்தை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் தாள் நகலெடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று, நான்கு மாதம் முதல் வேலையை நிர்ணயிக்கிறது. முதல் தவணையிலிருந்து வாரத்துக்கு 5 ரிங்கிட் தனியாக எடுத்து வைத்தால், மூன்று ஆண்டில், ஆறு தவணைகளின் 120 வாரத்தில், 600 சேரும். அறைக்கு முன்பணம் அதில் தயார்.

சம்பாதிக்கவும் வழி உண்டு. உணவு விநியோக மோட்டார் ஓட்டி இரவு ஒரு மணிக்கு விடுதிக்குத் திரும்புவதைவிட, பக்கத்துத் தாமான்களில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை பாடம் சொல்லித் தருவது மேல். வருமானம் நிச்சயம், ஆபத்து இல்லை, படிப்பும் கெடாது.

▪ பெட்டிச் செய்தி: இடம் கிடைத்த வாரத்திலேயே

பிடிபிடிஎன் முன்பணத்துக்கும் கடனுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.எஸ்.பி.என். கணக்கு இல்லை என்றால் அன்றே திறக்க வேண்டும்.

யாயாசான் நெகிரி செம்பிலானிலும், உங்கள் தொகுதி சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகங்களிலும், இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவிலும் அந்த ஆண்டு என்ன உதவி இருக்கிறது என்று கேளுங்கள். உதவி ஆண்டுக்கு ஆண்டு மாறும், கேட்டால்தான் தெரியும்.

தாத்தாவோ பாட்டியோ நில நிதிக் கூட்டுறவுச் சங்க உறுப்பினரா என்று பழைய பெட்டியைத் தேடிப் பாருங்கள். உறுப்பினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டா என்று சங்கத்தில் கேளுங்கள்.

கடன் கழுத்தை நெரித்தால் பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது.

யார் என்ன செய்ய வேண்டும்

பிடிபிடிஎன்னுக்கு ஒரு கோரிக்கை. வாழ்க்கைச் செலவுக்கான பங்கை மாதா மாதம் பிரித்துத் தாருங்கள். கட்டணப் பங்கை நேரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம். மிச்சத்தை ஐந்தாக வகுத்து மாதத் தொடக்கத்தில் கணக்கில் போடலாம். மாதச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒழுங்கு ஏற்கெனவே கையில் பழகியிருக்கிறது. முன்பணம் பற்றிய அறிவிப்பைத் தமிழிலும் வெளியிடுங்கள். அந்த அறிவிப்பு எட்டாததால்தான் நகைகள் அடகுக்குப் போகின்றன.

நம் சமூகத்துக்கும் ஒரு கோரிக்கை. இந்த மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைவிட அதிகமாகத் தோட்டக் கோயில்கள் இருக்கின்றன. கோயில் நிர்வாகமோ முன்னாள் மாணவர் சங்கமோ 15,000 ரிங்கிட் ஒதுக்கினால், வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,500 வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுக்கலாம். கடன் வந்ததும் அவர்கள் தவணை தவணையாகத் திருப்பிக் கொடுக்க, அடுத்த வருஷம் அதே பணம் அடுத்த பத்துப் பேருக்குப் போகும். ஒரு திருவிழாவின் வாணவேடிக்கையும் ஒலிபெருக்கியும் தின்னும் பணத்தில் இதைத் தொடங்கிவிடலாம். மாதம் பத்து வெள்ளி கொடுத்துத் தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு இது பெரிய காரியமல்ல.

உங்கள் தோட்டத்தில் இந்த ஆண்டு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். முடிவு வந்ததும் வாழ்த்துச் சொல்லப் போகும்போது, முன்பணத்துக்கு விண்ணப்பித்தாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால் கைப்பேசியை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, படிவத்தை நிரப்பிவிட்டு வாருங்கள்.